சுற்றுகிற மூட்டைக்குப் பரிசு வேண்டாம்

என்எஃப்டி சந்தைகளில் பரிசுத் திட்டம் வகுக்கிறவர்களுக்கு,

வணக்கம். நான் பெருந்துறைக்காரன். பகலில் மஞ்சள் வியாபாரம், ராத்திரியில் கொஞ்சம் என்எஃப்டி, அதாவது டிஜிட்டல் படம் போன்றவற்றுக்கான உரிமைச் சீட்டு வியாபாரம். இரண்டு சந்தையிலும் கை நனைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஈரோட்டு ஏலத்தில் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து வைப்பார்கள். விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்துவிட்டு விலை எழுதுவோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாங்குகிறவர் 1 சதவீதம் செஸ் வரி கட்ட வேண்டும். அதனால் ஒரே மூட்டையைத் தனக்குத் தானே பத்துத் தடவை விற்றுக்கொள்ள யாருக்கும் தோன்றாது. சுற்றச் சுற்றக் கைக்காசுதான் கரையும்.

உங்களிடம் இது தலைகீழாக நடந்தது. 2022 ஜனவரியில் வந்த லுக்ஸ்ரேர் என்ற சந்தை, அன்றைய வியாபாரத்தில் அவரவர் பங்குக்கு ஏற்ப டோக்கன் (விற்றுக் காசாக்கக்கூடிய கிரிப்டோ நாணயம்) கொடுத்தது. கட்டணம் 2 சதவீதம். கிடைத்த டோக்கனோ அதைவிட மதிப்பு. அப்புறம் என்ன, ராயல்டி (ஒவ்வொரு விற்பனையிலும் படைத்தவருக்குப் போகும் பங்கு) இல்லாத மீபிட்ஸ் போன்ற என்எஃப்டி தொகுப்புகளைச் சிலர் தங்கள் வாலட்டுகளுக்குள்ளேயே (டிஜிட்டல் கணக்குகளுக்குள்ளேயே) பெரும் விலைக்குச் சுற்றவிட்டார்கள். நிஜமாக ஒன்று வாங்கி ஒன்று விற்றவனின் பங்கு அதில் கரைந்துபோனது.

அடுத்து வந்த பிளர் என்ற சந்தை, பிட் (இந்த விலைக்கு வாங்கத் தயார் என்ற கேட்பு) வைப்பதற்கே, பின்னால் டோக்கனாக மாறும் புள்ளி கொடுத்தது. ஃப்ளோர் விலையை, அதாவது ஒரு தொகுப்பில் விற்பனைக்கு இருப்பவற்றில் மிகக் குறைந்த விலையை, ஒட்டி வைத்தால் புள்ளி அதிகம். விற்க நினைப்பவருக்கு உடனே ஆள் கிடைக்கும், நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆபத்தைச் சுமப்பது யார்? இதே மாதிரி திட்டம் வைத்திருந்த ஒரு சந்தையில் புள்ளிக்கு ஆசைப்பட்டு மூன்று பிட் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்தபோது மூன்றும் என் தலையில். ஒரு பெரிய வாலட் கையிருப்பை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தது, ஃப்ளோரும் சரிந்திருந்தது. அந்த நட்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் என்எஃப்டி லாபத்துக்கு 30 சதவீத வரி, நட்டத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. ஒரு வியாபாரத்துக்குக் கொடுக்கும் பரிசு, அதற்கு வாங்கிய கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கட்டும். அப்போது சுற்றுகிறவன் தானாக நிறுத்துவான். ஆளைக் கண்டுபிடிக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. வாலட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு மட்டும் போட்டால் நூறு வாலட் திறப்பார்கள், அதை நம்பாதீர்கள். புள்ளிக்கு எத்தனை டோக்கன் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பிட் பொத்தானுக்குப் பக்கத்தில் கிடைக்கும் புள்ளியைப் பெரிதாகப் போடுகிறீர்கள். அந்த பிட் தலையில் விழுந்து ஃப்ளோர் பத்து சதவீதம் சரிந்தால் எவ்வளவு போகும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பெருந்துறையிலிருந்து ஒரு சிறு வியாபாரி