போர்வையின் இன்னொரு முனை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி குறைந்து, படியேற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடுகிறாள்.

பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. நீ எழுதி முடித்திருக்கும் ஓராள் நாடகத்தைப் பற்றி இரண்டு பக்கம் ஆசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "இந்த வயதில் என்னை யார் கூப்பிட்டார்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். அதற்கு அவசரமாக ஒரு சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில், சிறு குழுக்கள் கிடைத்த இடத்தில் நடிக்கும் ஃப்ரிஞ்ச் நாடக விழா ஒன்று வந்தது. நான்கு நாளில் ஏழு நாடகம் பார்த்தேன்.

எல்லாமே மாடியறைகள். சுவரை மறைத்துக் கருப்புத் துணி, முப்பது மடக்கு நாற்காலி, விளக்குக்கும் ஒலிக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே ஒரு பையன். முன்வரிசையில் உட்கார்ந்தால் காலை நீட்ட முடியாது, நீட்டினால் நடிக்கும் இடத்துக்குள் போய்விடும். ஒரே அறையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு குழுக்கள் நடிப்பதால் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். ஒரு குழு காலி செய்து அடுத்த குழு ஏறுவதற்குக் கால் மணி நேரம். அதனால் வேண்டிய சாமான் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். கண் கலங்கக் கலங்க நடித்து முடித்த பெண், கைதட்டல் ஓய்ந்த அடுத்த நிமிடம் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது அவள் மேல் மரியாதை இன்னும் கூடியது.

இந்தப் பெண்ணின் நாடகத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். இறந்துபோன அம்மாவின் வீட்டை மகள் காலி செய்கிறாள். அவ்வளவுதான் கதை. அன்று நாங்கள் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். அவள் உள்ளே வந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள். பாதியில் ஒரு பெரிய போர்வையை எடுத்து மடிக்கப் பார்க்கிறாள். தனியாள் மடித்தால் நுனி தரையில் புரளும், தெரியுமே. இரண்டு தடவை முயன்றாள், சரிவரவில்லை. அப்புறம் இரண்டு முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை முன்வரிசையை நோக்கி நீட்டினாள். வசனம் கிடையாது. நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன்.

இருவரும் உதறினோம், இழுத்தோம், பாதியாக மடித்தோம். அவள் என்னை நோக்கி நான்கு எட்டு நடந்து வந்து என் கையிலிருந்த முனைகளை வாங்கினாள். அவள் விரல் சில்லென்றிருந்தது. அம்மாவும் நானும் இப்படித்தான் மடிப்போம். அம்மா முனைகளை வாங்கும்போது என் விரலை ஒரு நொடி அழுத்திவிட்டுத்தான் விடுவாள். அம்மா போன பிறகு அந்த நினைவே எனக்கு வந்ததில்லை, மாலதி. அன்று வந்தது. திரும்ப என் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, மிச்ச நாடகம் முழுக்க என் கை மடியிலேயே விரிந்து கிடந்தது.

நான் எழாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "தரையில் போட்டு மடித்திருப்பேன். சில நாள் அப்படித்தான் நடக்கிறது, அதுவும் இந்த நாடகம்தான்" என்றாள். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேறொரு நாடகத்தில் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் நடுவில் நிறுத்தினார்கள். அவர் கூசிப்போய் நின்றார், பார்த்த எங்களுக்கும் சங்கடம். அழைப்பது வேறு, இழுப்பது வேறு.

பிடிக்காதவையும் இருந்தன. ஒருவர் ஆயிரம் பேர் உள்ள அரங்கில் நிற்பதுபோலக் கத்தி நடித்தார். நமக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இல்லை. அவ்வளவு கிட்டத்தில் கோபத்துக்குக் குரல் தேவையில்லை, தாடை இறுகினாலே தெரியும். இன்னொன்றில், அப்பாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் பக்கத்து அறையிலிருந்து சிரிப்பலை சுவரைத் தாண்டி வந்தது. அப்பாவாக நடித்தவர் பதறவில்லை. தலையைத் திருப்பி, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கேட்டார். தன் வீட்டில் இல்லாத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார். எழுதியவர் நினைத்தே பார்த்திராத காட்சி அது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என்னை யார் கூப்பிட்டார்கள் என்கிறாய். 1947ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது, அழைப்பில் இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே போய், கிடைத்த இடத்தில் நடித்தன. மறு வருடம் ராபர்ட் கெம்ப் என்ற பத்திரிகையாளர் அவற்றை விழாவின் விளிம்பில் நடப்பவை என்று எழுதினார். ஃப்ரிஞ்ச் என்றால் ஆங்கிலத்தில் விளிம்பு, அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். இன்றைக்கும் அங்கே யார் நடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் குழு கிடையாது. இடம் பிடித்துக்கொண்டால் போதும், நடிக்கலாம். யாரும் கூப்பிடாமல் வந்தவர்களால் உண்டான வழக்கம் இது. நீ தயங்க வேண்டிய இடமே இல்லை.

யார் பார்ப்பார்கள் என்கிறாய். அதே ஊரில் 1963ல் டிராவர்ஸ் தியேட்டர் தொடங்கியபோது மொத்தம் அறுபது இருக்கைதான். நடிக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த அன்று ஒருவரும் கைபேசியைத் தொடவில்லை, இருமல் வந்தவர்கூட அடக்கிக்கொண்டார். கூட்டத்தில் நான் கவனிக்காவிட்டால் வேறொருவர் கவனிப்பார் என்று இருந்துவிடலாம். அங்கே அப்படி இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மழைக் காட்சிக்கு ஒலிப்பதிவும் திரையில் படமும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேண்டாமே. கொல்கத்தாவில் பாதல் சர்க்கார் என்ற நாடகாசிரியர் மேடையையும் திரையையும் விட்டுவிட்டு, பார்க்கிறவர்களுக்கு நடுவிலேயே நாடகம் போட்டார். மரமோ கதவோ வேண்டுமென்றால் நடிகர்களின் உடம்பே அதுவாக நிற்கும். நீ ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிவதுபோல இரண்டு கையையும் முறுக்கினால் போதும், எனக்கு மழை தெரியும். கல்லூரி நாடகத்தில் நீ வெறுங்கையால் குடம் தூக்கி வந்தபோது முன்வரிசைப் பெண்கள் தண்ணீர் தளும்பிவிடும் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா?

அந்த மாடியறை அடுத்த மாதம் மூன்று மாலை காலியாக இருக்கிறதாம், விளக்குப் பையனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். படிக்குக் கைப்பிடி இருக்கிறது, உன் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. எந்த நாள் என்று மட்டும் எழுது.

உன்,
கல்யாணி