குழந்தைக்கும் ஓர் இலை: படைப்பு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

படைப்பு வீட்டுப் பங்காளிகளுக்கும், அடுப்படியை முன்னின்று நடத்தும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நம் செட்டிநாட்டு வழக்கப்படி முன்னோருக்கு உணவு படைத்து வணங்கும் அடுத்த படைப்புக்கான சாமான் பட்டியல் எழுத நீங்கள் விரைவில் கூடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருபோதும் பேச்சுக்கு வராத ஒன்றை, நம் சின்னஞ்சிறு பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை, உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற படைப்பின்போது என் மகனுக்கு இரண்டரை வயது. படைத்து முடித்துப் பந்தி தொடங்க நேரமாகும் என்பதால், பிள்ளைகளையெல்லாம் முன்னதாகவே வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு கைப்பேசியைக் கொடுத்து, அவர்கள் படத்தில் மெய்ம்மறந்திருக்கும் நேரம் பார்த்து வாயில் சோற்றைத் திணித்தோம். ஐந்தாவது வாய்க்கு முகத்தைத் திருப்பியவனை ஒருவர் பிடித்துக்கொள்ள, நான் ஊட்டினேன். உண்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊட்டிய கை என்னுடையது. அன்று இரவு அவன் தூக்கத்தில் விசும்பியது இன்னும் என் காதில் இருக்கிறது.

‘பிள்ளை இளைத்துவிட்டான், சரியாகவே சாப்பிடுவதில்லை’ என்று அப்பத்தாமார் வருந்துவது அன்பினால்தான். ஆனால் ஒரு கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். ஏறத்தாழ மூன்று கிலோவோடு பிறக்கும் குழந்தை முதலாண்டு நிறைவில் ஒன்பது கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது; அடுத்த ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. ஓடியாடி விளையாடுகிற பிள்ளை நான்கு வாயோடு எழுந்துவிட்டால் பெரும்பாலும் அதற்கு வயிறு நிறைந்துவிட்டது என்றே பொருள். எடை தொடர்ந்து குறைந்தாலோ, ஏறாமல் நின்றாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கும் திணிப்பது மருந்தாகாது. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பவை நம் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையின் வயிறு முடிவு செய்யட்டும்.

அந்தப் படைப்புக்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். மதியச் சாப்பாட்டின்போது அவன் தாத்தாவான ஐயாவின் இலைக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு சிறு இலை நறுக்கைப் போட்டோம். முதல் வாரம் அவன் உண்டதைவிட இறைத்ததுதான் அதிகம். பருப்பும் நெய்யும் முழங்கை வரை வழிந்தன. முற்றத்தைச் சுற்றிய வளவின் ஆத்தங்குடித் தரைக்கல்லைத் துடைக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரைக்காயைப் பார்த்தாலே தள்ளிவிடுவான். நாங்கள் வற்புறுத்தவுமில்லை, வைக்காமல் விடவுமில்லை. புதிய காயொன்று பிள்ளைக்குப் பிடித்துப்போக, சில வேளை பத்துப் பதினைந்து முறைகூட அதன் முன் வைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் ஐயா உண்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அவர் இலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அன்று ஐயாவும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

இந்த மகிழ்ச்சி படைப்பு வீட்டில் கூடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். படைப்பன்று பிள்ளைகளின் பந்தி முந்தியே நடக்கட்டும். ஆனால் அந்த நேரத்தில் உண்ணத் தடையில்லாத பெரியவர்கள் சிலர், ஊட்டுவதற்காக அல்லாமல், தமக்கும் இலை போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார வேண்டும். மறுநாள் எல்லோரும் ஒரே பந்தியில் அமரலாம். கைப்பேசிகள் முகப்பிலேயே இருக்கட்டும். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

சமையலில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையல், ‘செட்டிநாடு’ என்ற கடைப் பலகைகள் காட்டுவதுபோல, எல்லாமே காரமன்று. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வெள்ளைப் பணியாரமும், பருப்பு மசியலும் பிள்ளைகளுக்கென்றே அமைந்தவை. கறிக்கும் கூட்டுக்கும் மிளகாய்ப்பொடி சேர்ப்பதற்கு முன் ஒரு சட்டியில் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும்.

ஆச்சிமார்களிடம் ஒன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன். காலையிலிருந்து தேன்குழலும் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் டின்னிலிருந்து கைக்குக் கை மாறிக்கொண்டேயிருந்தால், இலைக்கு முன் உட்காரும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? அவற்றை இடைப்பலகார நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். முழு வேர்க்கடலையும் கெட்டிச் சீடையும் சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. ஐந்து வயது வரை அவற்றைக் கையில் கொடுக்க வேண்டாம். ‘அவன் சாப்பிட்டுவிட்டான், நீ மட்டும் ஏன் இப்படி?’ என்று ஒரு பிள்ளையை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் அன்று ஒருநாளாவது விட்டுவிடுவோம்.

பிள்ளைகள் வரிசையைப் பார்த்துக்கொள்ளவும், பந்திக்குப் பின் தரையைத் துடைக்கவும் நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். நீங்கள் எழுதப்போகும் சாமான் பட்டியலில், பெரியவர்களுக்கான இலைக்கட்டோடு, பிள்ளைகளின் தலையை எண்ணிச் சிறு நறுக்குகளையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மருமகள்