கார்டுக்கெல்லாம் கோச்தான் காரணமா? நம்ம கால்பந்துக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

போன டோர்னமெண்டில் பசங்க வாங்கிய கார்டுக்கெல்லாம் கோச்தான் பொறுப்பு, இந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிடலாம் என்று நீங்கள் பேசி முடித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் எனக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. என் பையனை ரெண்டு மேட்ச் வெளியே உட்கார வைத்ததில் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்கூட உண்டு. ஆனால் எந்தக் கார்டு எதற்கு விழுந்தது என்று உங்களில் ஒருத்தராவது கணக்குப் பார்த்தீங்களா? நான் பார்த்தேன். டோர்னமெண்ட் நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 7 மஞ்சள், 1 சிவப்பு.

அந்த ஏழில் நாலு, கடைசி 20 நிமிஷத்தில் விழுந்தவை. அரையிறுதியில் நம்ம ரைட் பேக், வலது பக்க டிஃபெண்டர், வாங்கினானே, அதையே எடுத்துக்கங்க. எதிரணி விங்கர் பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறான், இவன் திரும்புவதற்குள் அவன் மூணு எட்டு முன்னால் போய்விட்டான், கால் வரவில்லை, கை போய்விட்டது, பனியனைப் பிடித்து இழுத்தான். ஷிப்மெண்ட் அவசரம் என்று முந்தின நாள் சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன் அவன். திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ரெண்டு சாயங்காலம் பசங்க பிராக்டிஸுக்கு டர்ஃப், அந்தச் செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அதை நிறுத்தியது யாருங்க? மூச்சு வாங்குகிற டிஃபெண்டர் லேட்டாகத்தான் போவான், லேட்டாகப் போனால் ஃபவுல்தான். அந்த நாலில் பாதியை உங்கள் கணக்கில் எழுதிக்கங்க.

ஒண்ணு, கோல் அடித்த குஷியில் பனியனைக் கழற்றிச் சுற்றியதற்கு. 19 வயசு, விடுங்க. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் கேப்டன் ஜிடான் போய் இத்தாலி டிஃபெண்டர் மாத்தராசியின் நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு வாங்கினாரே, அதைக் கோச் சொல்லிக்கொடுத்தார் என்றா சொல்வீங்க?

மீதி ரெண்டு மஞ்சளும் அந்தச் சிவப்பும் வேறு கதை, அது நம்ம கோச் தலையில்தான். மஞ்சள் ரெண்டும் ரெஃபரியிடம் வாய் கொடுத்து வாங்கியவை. கோட்டுக்கு வெளியே நின்று அவர் முதல் நிமிஷத்திலிருந்தே "ஏனுங்க ரெஃபரி, கண்ணு தெரியுதா" என்று கத்திக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிறவன் சும்மா இருப்பானா? சிவப்பு அதைவிட மோசம். "பந்து போனாலும் ஆள் போகக் கூடாது" என்பதை பிராக்டிஸில் நாள் தவறாமல் சொல்வார், நம்ம ஸ்டாப்பர், நடு டிஃபெண்டர், அதை அப்படியே நம்பி ரெண்டு காலையும் நீட்டிப் பாய்ந்துவிட்டான். எதிரணிப் பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கோச்சைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2019இலிருந்து கோச்சுக்கே கார்டு காட்டலாம் என்று விதி இருக்கிறது; பெஞ்சில் தப்பு செய்தது யாரென்று தெரியாவிட்டால் அங்கே இருக்கிற மூத்த கோச்சுக்குத்தான் விழும். 2023 மார்ச்சில் பெங்களூருவில், பெங்களூரு அணியின் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை ஒத்துக்கொள்ளாமல் கேரளா பிளாஸ்டர்ஸ் கோச் வுகமனோவிச் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 மேட்ச் தடை. கூப்பிட்டது அவர், அதனால் அவரைப் பிடித்தார்கள். சரி. நம்ம ரைட் பேக் பனியனை இழுத்ததும் அதுவும் ஒண்ணா?

அவரை உட்கார வைத்துப் பேசுங்க. "ஆள் போகக் கூடாது" என்கிற அந்த வசனம் இனி வேண்டாம், ரெஃபரியிடம் கேப்டன் மட்டும் பேசட்டும், இவர் வாயைக் கொஞ்சம் கட்டட்டும். அப்புறம் டர்ஃபை வியாழக்கிழமையாவது திரும்ப எடுத்துக் கொடுங்க, முதல் மாத வாடகையில் என் பங்கைத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்த நோட்டீசோடு வருகிறேன். புது கோச்சுக்கு ஆள் தேடுவதை அதுவரைக்கும் நிறுத்தி வையுங்க.

இப்படிக்கு,
ரெண்டு மேட்ச் வெளியே உட்கார்ந்திருந்த லெஃப்ட் விங்கின் அப்பா