2025–26 ஆண்டறிக்கை: மாணவர் பொறுப்பாளர்களும் அவர்களுக்குச் செய்த பாராட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக்குழு உறுப்பினர்களே, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தெருவிளக்கு, கழிவுநீர் அடைப்பு குறித்து மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நிலை தனித்தாளில் அச்சிடப்பட்டு உங்கள் கையில் இருக்கிறது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். படிப்பகம் வழக்கம்போல் மாலை 5 முதல் 8 வரை நடந்தது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியைச் சிறார் கோடை முகாமுக்கும், அதை நடத்திய மாணவர்களை எப்படித் தேர்ந்து பாராட்டினோம் என்பதற்கும் ஒதுக்கியிருக்கிறேன். மேடையில் சால்வை போட்டு ஒரு கேடயம் கொடுத்தால் போதாது, யார் என்ன செய்தார் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்திருந்தது.

முகாமுக்கு நாள் குறிப்பதுதான் முதல் சிக்கல். மதுரையில், அதிலும் வைகைக்கு வடகரையில், சித்திரைத் திருவிழா முடியாமல் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. 2025இல் மே 11 அன்று அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, 12 அன்று அவர் ஆற்றில் இறங்கினார். மூத்த மாணவர்களுக்கோ மே 4 அன்று நீட் தேர்வு, 8 அன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவு, 16 அன்று பத்தாம், பதினோராம் வகுப்பு முடிவுகள். முடிவு வந்த வாரத்தில் மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடு இணையச் சேவை மையத்தில் நிற்பார்கள். அந்த நாட்களில் அவர்களை நம்பி நிகழ்ச்சி வைத்தால் பாதியில் நின்றுபோகும். பள்ளிகள் ஜூன் 2 அன்று திறப்பதாக இருந்ததால் மே 19 முதல் 30 வரை, வாரநாட்கள் பத்தில், காலை 7 முதல் 10 மணி வரை என்று முடிவானது. இந்த ஆண்டும் தேதி குறிக்கும் முன் இதே வரிசையில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்: திருவிழா, தேர்வு முடிவுகள், பள்ளி திறப்பு.

முகாமுக்கு முன்னோட்டமாக, அழகர் தல்லாகுளம் வந்த நாளில் மாணவர்களிடம் நீர்மோர்ப் பந்தலை ஒப்படைத்தோம். ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் கொதித்து ஆறிய நீர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. மொத்தத்தையும் காலையிலேயே கரைத்து வைத்தால் பதினொரு மணிக்கெல்லாம் புளித்துவிடும். எனவே தயிரைப் பனிப்பெட்டியில் வைத்து, ஒரு பாத்திரம் காலியாகும்போது அடுத்ததைக் கரைத்தார்கள். கடையில் வாங்கும் பாளப் பனிக்கட்டி குடிநீரில் செய்ததா என்று உறுதியில்லாததால் அதை மோருக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி மட்டும் அடுக்கினார்கள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைக்கும் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளர்கள்தான். கழுவ மூன்று வாளிகள்: முதலாவதில் சோப்பு நீர், மற்ற இரண்டிலும் நல்ல நீர். மூன்றாவது வாளி கலங்கியதும் ஊற்றிவிட்டுப் புதுநீர் பிடிக்க ஒருவர் நின்றார். பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பவர் எல்லார் கண்ணிலும் படுவார். வாளி மாற்றுபவரை யாரும் பார்ப்பதில்லை. யாரைப் பாராட்டுவது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அதற்காகவே பணிநேரப் பதிவேடு வைத்தோம். நீளமான கோடு போட்ட நோட்டில் ஆறு கட்டங்கள்: தேதி, வந்த நேரம், சென்ற நேரம், செய்த வேலை, மாணவர் கையொப்பம், மேற்பார்த்த பெரியவர் கையொப்பம். நான்காவது கட்டத்தில் ‘உதவி’ என்று எழுதினால் ஏற்பதில்லை. ‘கபடி ஆடுகளக் கோடு போட்டது’, ‘வராத ஐந்து பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்தது’ என்று எழுத வேண்டும். கையொப்பம் அன்றன்றே. வாரக் கடைசியில் சேர்த்துப் போட்டால் எல்லாருக்கும் ஒரே நேரம் விழுந்து, பதிவேடு பொய்யாகிவிடும். தாள் வெட்டுவது, பொருள் வாங்குவது, கூடம் கூட்டுவது போன்ற தயாரிப்பு வேலையும் நேரக்கணக்கில் சேரும். சேர்க்காவிட்டால் ஒலிபெருக்கி பிடித்தவர்களே முன்னால் நிற்பார்கள். பின்வேலை பெரும்பாலும் மாணவிகள் தலையில் விழுவதால் விடுபடுவதும் அவர்கள்தான்.

சான்றிதழுக்குக் குறைந்தது 40 மணி நேரம் என்று வரையறுத்தோம். பத்து நாள் முகாமுக்கு மூன்று மணி வீதம் 30, தயாரிப்புக்கும் கூட்டங்களுக்கும் 10. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம் என்று கணக்கு. பள்ளி மாணவர்களிடம் அவ்வளவு கேட்பது நியாயமாகாது. நம் முகாமில் செய்த நேரத்தைத் தங்கள் திட்டக் கணக்கில் சேர்க்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், திட்ட அலுவலரின் ஒப்புதலை முகாமுக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

40 மணி நேரம் முடித்த அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. ‘சிறந்த மாணவர்’ என்று ஒரே ஒருவரைப் பிரித்தெடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம். அதற்குப் பதில் குழந்தைகள் பராமரிப்பு, பொருள் பொறுப்பு, குழு ஒருங்கிணைப்பு என்ற மூன்று பணிகளுக்குத் தனிப் பாராட்டு. பராமரிப்புக்கு உரியவரைக் குழந்தைகளே சொன்னார்கள். ‘உனக்கு யாரைப் பிடிக்கும்?’ என்று கேட்டால் மிட்டாய் கொடுத்தவர் பெயர்தான் வரும். ‘விளையாடும்போது அடிபட்டால் முதலில் எந்த அண்ணனிடம், எந்த அக்காவிடம் ஓடுவாய்?’ என்று ஒவ்வொருவரையும் தனியே கேட்டுக் குறித்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு அதிகம் வந்த பெயர், கூட்டங்களில் வாயே திறக்காத பதினோராம் வகுப்பு மாணவி ஒருவருடையது. சிறுமிகள் சிலர் எட்டரைக்கே வீட்டுக்குக் கிளம்புவதைக் கவனித்து, கூடத்தின் கழிப்பறைச் சாவி ஆண்கள் பக்கம் தொங்குவதால் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்தவர் அவர். சாவி இடம் மாறியது, சிறுமிகள் கடைசிவரை இருந்தார்கள். பொருள் பொறுப்பிலிருந்த மாணவர், ஆடுகளக் கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரிக்கும் என்று சொல்லிக் கோலமாவு வாங்கினார், செலவும் குறைவு.

மதிப்பிடும் குழுவில் இருக்கும் உறுப்பினரின் பிள்ளை பட்டியலில் இருந்தால், அந்த உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். இதில் தளர்வு கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சான்றிதழில் ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற வரியை எடுத்துவிட்டோம். ‘2025 மே 19 முதல் 30 வரை சிறார் முகாமில் வருகைப் பதிவைப் பராமரித்து, வராத குழந்தைகளின் வீட்டுக்கு அன்றன்றே தகவல் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்று 46 மணி நேரம் பணியாற்றினார்’ என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் பயன்படாது. அச்சுக்குப் போகும் முன் மாணவரே பார்த்துக் கையொப்பமிட்டார். லேமினேட் செய்யவில்லை, வேறு அலுவலகத்தில் முத்திரை வைக்க வேண்டி வந்தால் மேலே மை பிடிக்காது. வரிசை எண் போட்டு ஒரு நகல் சங்கக் கோப்பில் இருக்கிறது. முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு 15 முதல் 35 வயதுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கும் செய்த சேவைக்கு ஆதாரம் வேண்டும். நம் பிள்ளைகள் அதுவரை போக வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பாராட்டு விழாவை முன்பு ஜனவரி 12, தேசிய இளைஞர் நாளில் வைத்தோம். அது திருப்புதல் தேர்வோடும் பொங்கல் பயணங்களோடும் மோதியது. இம்முறை ஆகஸ்ட் 12 உலக இளைஞர் நாளை ஒட்டி, 10ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடித்தோம். மாணவிகள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும். சிறப்பு விருந்தினர் பேச்சுக்குப் பத்து நிமிடம், அதுவும் சான்றிதழ் வழங்கிய பிறகு. ஒவ்வொருவரின் வரியும் மேடையில் முழுமையாக வாசிக்கப்பட்டது. கேடயத்துக்குப் பதில் அவரவர் கேட்ட 300 ரூபாய் மதிப்புள்ள புத்தகம். ரொக்கம் கொடுக்கவில்லை, பேருந்துச் செலவை மட்டும் ரசீதின்றித் திருப்பிக் கொடுத்தோம். 18 வயதுக்குட்பட்டவர்களின் படங்களைப் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். முகாமில் எந்நேரமும் பெரியவர் இருவர் இருப்பதும், குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் ஒட்டியிருப்பதும் தொடரும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, முகாம் திட்டமிடும் மாதங்களில் நிர்வாகக்குழுக் கூட்டத்தில் மாணவர் பொறுப்பாளர் இருவருக்கு, ஒருவர் மாணவியாக, கருத்துச் சொல்லும் உரிமையோடு இடம். இரண்டு, 1,000 ரூபாய் வரையிலான சில்லறைச் செலவை மாணவர் பொருள் பொறுப்பாளரே செய்து, மூன்று நாளுக்குள் பொருளாளரிடம் ரசீதுகளை ஒப்படைக்கும் ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் ஏப்ரலுக்குள் பொறுப்புக் குறிப்பேட்டை அடுத்தவரிடம் எழுதி ஒப்படைக்கிறார்கள். மூன்று குறிப்பேடுகளில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதைத் தேர்வு முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கூடம் தந்தவர்களுக்கும், காலை ஏழு மணிக்கு வந்து நின்ற பெற்றோர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையையும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்