கியூபெக் போக ஐஇஎல்டிஎஸ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடா குடியேற்றம் என்றாலே மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைதான் என்று பலர் நினைக்கிறார்கள். பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் குடியேற அந்த வழி செல்லாது. அங்கே முதலில் அரிமா (Arrima) என்ற மாகாண அரசின் இணையதளத்தில் விருப்பத்தைப் பதிய வேண்டும். அழைப்பு வந்தபின் மாகாணத் தேர்வுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நிரந்தர வசிப்புரிமை ஆகாது. அதை வைத்து மத்திய அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ, காவல்துறைச் சோதனைகள் அப்போதுதான்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மட்டுமே எழுதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பிரெஞ்சில். உயர்திறன் பணியாளர் பிரிவுக்குப் பிரெஞ்சுப் பேச்சில் 7ஆம் நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2, தேவை. டெஃப் (TEF) என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பேச்சுப் பிரிவில் ஒரு விளம்பரத்தைத் தந்து, தொலைபேசியில் பேசுவதுபோல் 5 நிமிடம் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பிறகு 10 நிமிடம் தேர்வாளரை நண்பராகப் பாவித்து இணங்கவைக்க வேண்டும். இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாம் பகுதியில்தான் திணறுகிறார்கள். வாரக்கணக்கில் வாய்விட்டுப் பேசிப் பழகாமல் கட்டணம் கட்டாதீர்கள்.

செவிலியர், பொறியாளர் வேலைகளுக்கு அந்தந்தத் தொழில் அமைப்பின் அனுமதி வேறு. அங்கே படித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் இருந்த கியூபெக் அனுபவத் திட்டமோ (PEQ) 2025 நவம்பரிலேயே மூடப்பட்டது. இன்னும் அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் முகவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்