அழைப்பிதழில் சாப்பாட்டு நேரத்தையும் அச்சிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் திருமணச் சிறப்புப் பக்கங்களில், மாலை வரவேற்பு வைபவத்துக்கு முன்னர் ஒதுக்கப்படும் 'காக்டெயில் நேரம்' விருந்தினர்கள் ஒருவரோடொருவர் அறிமுகமாகிப் பழகுவதற்கென்றே ஏற்பட்டது என்று எழுதியிருந்த கட்டுரையாளர், அப்படியொரு நேரத்தைத் திருகோணமலையில் பசித்த வயிற்றோடு இருந்து கழித்தவர் அல்லர் என்பது ஒரே வாசிப்பில் விளங்கிவிட்டது. கட்டுரைக்கு மேலே அச்சிட்டிருந்த படத்தில், கையில் கிண்ணங்களோடு நிற்பவர்களுக்குப் பின்னால் சூரியன் கடலில் மறைந்துகொண்டிருந்தது. எங்கள் டச்சுக் குடாவிலும் உப்புவெளியிலும் சூரியன் கடலிலிருந்து எழுவதுண்டே தவிரக் கடலில் விழுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

கடந்த ஆவணியில் எங்கள் நெருங்கிய உறவினர் வீட்டில் திருமணம் நடந்தது. காலைச் சடங்கில் குறை சொல்ல ஏதுமில்லை. ஐயர் சொன்ன சுபநேரத்திலேயே தாலி ஏறியது, பந்தியும் நேரத்துக்கு நடந்தது. (தாலி கட்டிய அந்தக் கணத்தில் நாங்கள் கண்டது ஒளிப்படக்காரர் நால்வரின் முதுகுகளை மட்டுமே, அறுகரிசி எந்தத் திசையில் போட வேண்டும் என்பதைக் கூட ஊகித்துத்தான் போட்டோம்.) மாலை வரவேற்புக்கான அழைப்பிதழில் '6.00 மணி, காக்டெயில் நேரம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அது எப்போது முடியும், அதன் பின் என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

நாங்கள் 6.00 மணிக்கே போய்விட்டோம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் நீல நிறத்தில் ஒரு பானம் தந்தார்கள். அதன் பெயரைக் கேட்டபோது பரிமாறிய பிள்ளைக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் பொறுப்பாக நின்ற இளைஞர் 7.30 மணிக்கு உணவு திறக்கப்படும் என்று உறுதியாகச் சொன்னார். அந்த வார்த்தையை நம்பி, நீரிழிவு நோயாளியான என் கணவர் 7.00 மணிக்குப் பக்கத்து அறையில் தமது இன்சுலினை ஏற்றிக்கொண்டார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னர் ஏற்ற வேண்டிய கலப்பு இன்சுலின் அது. உணவு கண்ணுக்கு முன்னால் வராமல் ஊசியை எடுக்கக் கூடாது என்று 35 ஆண்டுகளுக்கு மேலாக ஆசுபத்திரி விடுதியில் தாதியாக நின்று நோயாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று என் வாய் ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே நொந்துகொள்கிறேன். ஆனால் கல்யாண வீட்டில் சொன்ன நேரத்துக்குச் சோறு கிடைக்கும் என்று நம்புவதும் ஒரு பிழையா என்பதையும் தாங்களே சொல்லுங்கள்.

8.15 மணிக்கு அவருக்கு வியர்த்தது. கை நடுங்கியது. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னார். கைப்பையில் இருந்த கருவியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான 54க்கு இறங்கியிருந்தது. நீல பானத் தட்டுகள் எப்போதோ உள்ளே போய்விட்டன. பின்புறச் சமையற்கட்டுக்கு ஓடினேன். அங்கே இருபது சட்டிகளில் உணவு ஆவி பறக்க மூடியிருந்தது. "அம்மா, மாப்பிளை பொம்பிளை வரும்வரைக்கும் திறக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்" என்றார் சமையற்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று கரண்டி சீனியை அவரே தண்ணீரில் கரைத்துத் தந்தார். கால் மணி நேரத்தில் அளவு 81க்கு வந்தது. மணமக்கள் 8.50 மணிக்கு வந்தார்கள். சட்டிகள் திறந்தது 9.20க்கு. மூதூரிலிருந்து வந்திருந்த என் மச்சாள் குடும்பம், பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று சாப்பிடாமலே எழுந்து போயிருந்தது. அவர்கள் யாரோடும் பழகிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

மணமக்கள் அதுவரை எங்கே இருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். பிரடெரிக் கோட்டை வாசலில் மான்கள் பின்னணியில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார்களாம். அதன் பின், சூரியன் மறைவது நீரில் தெரிய வேண்டும் என்று ஒளிப்படக்காரர் பிடிவாதமாக நின்றதால், உட்துறைமுகப் பக்கம் போனார்களாம். அதற்கும் பிறகு வீட்டுக்குப் போய் உடை மாற்றி, தலை அலங்காரம் மாற்றி வந்திருக்கிறார்கள். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் யாருக்காக ஏற்பட்டது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் இதிலிருந்தாவது விளங்கிக்கொள்ளட்டும்.

மேல்நாட்டு வழக்கத்தை நான் அறியாமல் பேசுவதாக அவர் நினைத்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு கனடாவில், ஸ்காபரோவில், என் மகனின் திருமணத்தில் இதே நேரத்தை நானும் நின்றுகொண்டே கழித்தவள்தான். அங்கே சடங்கு ஓரிடத்திலும் விருந்து வேறிடத்திலும் நடப்பதுண்டு. ஒரே மண்டபமானால் கதிரைகளை எடுத்துவிட்டு மேசைகளைப் போட வேண்டும். இடையில் மணமக்கள் குடும்பத்தாரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வந்தவர்களை அதுவரை வெறுமனே நிறுத்திவைப்பது மரியாதையல்ல என்பதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குடிக்கவும் கொறிக்கவும் கொடுக்கிறார்கள். பழகுவது அதில் தானாக விளையும் நன்மை, காரணம் அதுவல்ல. அழைப்பிதழில் 5.00 மணி என்றும் விருந்து 6.00 மணி என்றும் அச்சிட்டிருந்தது, 6.00 மணிக்கு உள் கதவு திறந்தது. விருந்தினரைக் காக்கவைக்க விரும்பாதவர்கள் சடங்குக்கு முன்னரே படங்களை எடுத்து முடித்துவிடுவார்கள் என்றும் அங்கே சொன்னார்கள். நாமோ காத்திருப்பை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, அதற்குரிய ஈட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

'காக்டெயில்' என்ற சொல்லின் பொருளைக் கேட்டு ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்துக்கு, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரிலிருந்து வெளிவந்த பத்திரிகையின் ஆசிரியர் 1806ஆம் ஆண்டு மே மாதத்தில் பதில் அளித்தார் என்று என் பேரன் வாசித்துக் காட்டினான். ஏதாவது ஒரு மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது என்பது அவர் தந்த விளக்கம். அவற்றில் எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவை சீனியும் தண்ணீரும் மட்டுமே. மது, வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒருவரின் வான் வண்டியின் பின்கதவுக்குள் இருந்ததை மண்டபத்திலிருந்த ஆண்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். கசப்பு, கதிரைகளில் இருந்த எங்களுக்கு. ஆயினும் அந்தச் சீனியும் தண்ணீரும்தான் அன்று என் கணவரைக் காப்பாற்றியவை என்பதை மறைப்பது நியாயமாகாது.

பழகுவதற்கு நம்மிடம் முன்னரே நேரம் இருந்தது. முதல்நாள் இரவு அயலவர் எல்லோரும் கூடி மரக்கறி வெட்டிய காலத்தை ஆசிரியராகிய தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1979இல் என் சம்பந்தமே வேறொருவர் கல்யாணத்துக்குத் தேங்காய் துருவிய இடத்தில் பேசப்பட்டதுதான். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேளாமல் ஒருவரும் இலையை மடித்ததில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைக்கும் மூதூர் லோஞ்சுப் படகுக்கும் போக வேண்டிய அக்கரை ஆட்களைத்தான் முதற்பந்தியில் இருத்துவோம். மாப்பிள்ளையின் பெரியப்பா பசியோடு நின்றாலும் அந்த ஒழுங்கு மாறாது. நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டியிருந்த யுத்த காலத்திலும், வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. இன்று பாலம் இருக்கிறது, தெரு இருக்கிறது, முதற்பந்திதான் இல்லை. தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் எழுபது வயதுக்காரரை 'முன்னால் போங்கோ ஐயா' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பக்கத்தில் நிற்பவரோடு பழகலாம் என்று வாயைத் திறந்தால், ஒலிபெருக்கிப் பெட்டி அதற்கும் இடம் தருவதில்லை. ஒலிபெருக்கி பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். இடநெருக்கடி காரணமாக அதை நான்கு வரிகளாக்கி வெளியிட்டிருந்தீர்கள். அதே இதழில் மணப்பெண் அலங்காரத்துக்கு இரண்டு முழுப் பக்கங்கள் ஒதுக்கியிருந்ததையும் கவனித்தேன்.

எங்கள் அயலில் உள்ள கத்தோலிக்கக் குடும்பத்தாரின் திருமணங்களில், ஆலயத்திலிருந்து மண்டபத்துக்கு வந்த கையோடு கேக்கும் ஒரு சிறு கிண்ணம் வைனும் பற்றீசும் கைக்கு வந்துவிடும். அதற்கு அவர்கள் ஆங்கிலப் பெயர் எதுவும் வைத்ததாக நான் கேட்டதில்லை.

காக்டெயில் நேரத்தை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என் பேத்தியின் கல்யாணத்துக்கே என்னை அழைக்க மாட்டார்கள். என் வேண்டுகோள் ஒரே ஒரு வரி. திருமண அழைப்பிதழில் வரவேற்பு நேரத்துக்குக் கீழே 'இரவு உணவு' என்று எழுதி, அதற்கு நேரே ஒரு மணிக்கணக்கையும் அச்சிட்டு, மணமக்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குச் சட்டியைத் திறக்க வேண்டும். தங்களது அடுத்த திருமணச் சிறப்புப் பக்கத்தில் இதை ஒரு மூலையில் போட்டால் போதும். இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால், நீல பானம் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். 54 என்ற எண்ணை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.