பூட்டும் சாவியும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியவில்லை. நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். உன் மகன் மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் மெயின்டனன்ஸ் வேலையில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் அவனிடம் சில விஷயங்களை நீ சொல்லியே ஆக வேண்டும்.

போன மாதம் எங்கள் கிடங்கில் ஒரு பையனின் கை, பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் பெல்ட்டில் சிக்கியது. கடைசி உருளையில் பேக்கிங் டேப் சுற்றியிருந்தது. பெல்ட் ஓடவில்லையே என்று குனிந்து பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். இந்த வகை கன்வேயர் பெட்டி வராதபோது தானாக நின்றுவிடும். சென்சாரை எது மறைத்தாலும் பெட்டி வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். மறைத்தது அவனுடைய தோள். மெயின் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை; அணைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னவரும் இல்லை. மறுநாள் மேலாளர் ‘கவனக்குறைவு’ என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை.

கை அறுவைச் சிகிச்சையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இருக்கும் பெயர் உனக்குத் தெரியும். அங்கேதான் கொண்டுபோனார்கள். ஆனால் துண்டான விரலை ஐஸுக்குள் அப்படியே போட்டுவிட்டார்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் திரும்பப் போட முடியாதபடி அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகே உன் மகன் கை வைக்கட்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. பூட்டியதும், மெஷின் ஓடவில்லைதானா என்று ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதை 1989லேயே விதியாக்கிவிட்டார்கள். இங்கே பூட்டு கேட்டால் ‘லாரி காத்திருக்கிறது’ என்பார்கள்.

மின்சாரம் போனாலும் பாரம் போகாது. லாரி மட்டத்துக்கு ஏறி இறங்கும் இரும்புத் தட்டின் கீழ் கிரீஸ் வைக்க நுழைவதானால், முட்டுக்கம்பி கொடுத்த பிறகுதான். ஹைட்ராலிக் ஆயிலை நம்பித் தலையை நீட்டக் கூடாது.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அந்தப் பையனுக்குக் காப்பீட்டு எண் இருக்கிறதா என்பதே அடிபட்ட பிறகுதான் தேடப்பட்டது. உன் மகன் சேரும் நாளிலேயே எண்ணைக் கேட்டு வாங்கட்டும்.

அறை கிடைக்கும்வரை அவன் எங்கள் வீட்டில் தங்கட்டும். பெரம்பூரில் இறங்கியதும் போன் செய்யச் சொல்.

உன்,
முருகேசன்